கட்டிங் மாஸ்டரும் இங்கிலாந்து பையரும்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். இங்கிலாந்திலிருந்து வந்துபோன பையர் (எங்களிடம் சரக்கு வாங்குகிறவர்) ஒருவர், 'ஐ பால்டு அப் வித் யுவர் கட்டிங் மாஸ்டர்' என்று மெயில் போட்டிருந்தார். மாஸ்டரை அவர் ஏதோ தன் பக்கம் இழுத்துவிட்டார் என்று எங்கள் ஓனர் பதறிவிட்டார். இதற்கு என்ன அர்த்தமுங்க? பதிலில் நானும் இதையே எழுதலாமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: ஓனரை நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள். 'உங்கள் மாஸ்டரும் நானும் நல்லாப் பழகிட்டோமுங்க' என்கிறார், அவ்வளவுதான். டேபிளில் துணி விரித்திருந்த இடத்தில் நின்று ரெண்டு பேரும் பழமை பேசியிருப்பார்கள், டீ குடித்திருப்பார்கள்.

பி, ஏ, எல் (pal) என்று மூன்றே எழுத்து உள்ள இந்த 'பால்' என்ற சொல்லுக்கு நண்பன் என்று பொருள். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரோமானி மக்களின் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்தது. அந்த மொழியில் அதற்கு அண்ணன் தம்பி என்றுதான் அர்த்தம், சமஸ்கிருதத்தின் 'பிராதா', ஆங்கிலத்தின் 'பிரதர்' இரண்டும்கூட அதே வேரில் முளைத்தவை. நம் பக்கம் சொந்தமே இல்லாத ஆளையும் தோளில் கை போட்டு 'வா பங்காளி' என்கிறோமே, அதே மனசு அங்கேயும் இருந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

'அப்' எதற்கு என்றால், 'டீம் அப்', 'லிங்க் அப்' என்பவற்றில் போல ஒன்றுசேர்வதைக் காட்டுகிறது. தமிழில் 'சேர்ந்தோம்' என்பதற்கும் 'சேர்ந்துகொண்டோம்' என்பதற்கும் ஒரு நூல் வித்தியாசம் இருக்கிறதல்லவா, அந்தக் 'கொண்டோம்' செய்கிற வேலைக்குப் பக்கத்தில் வருகிறது இது. இதை விட்டுவிடாதீர்கள். 'அப்' இல்லாமல் 'பால்டு' (palled) என்று எழுதினால், சலித்துப்போனது என்ற அர்த்தமுள்ள வேறொரு சொல்லாகப் படிக்கப்படும்.

அடுத்தது 'வித்'. ஓனர் பயந்த அர்த்தம் வேறொரு இடத்தில் இருக்கிறது. அமெரிக்கர்கள் 'படி அப்' (buddy up) என்பார்கள். அதில் 'வித்' போட்டால் ஒருவரோடு சோடி சேர்வது, 'டு' போட்டால் காரியம் ஆக வேண்டும் என்று குழைந்து ஒட்டிக்கொள்வது, நாம் காக்கா பிடிப்பது என்கிறோமே அது. ஒரு சின்னச் சொல் மாறியதும் ஆளின் நோக்கமே மாறிவிடுகிறது, அதனால்தான் வினைச்சொல்லோடு 'அப்' மாதிரி சின்னச் சொல் ஒட்டி வரும் இந்த ஃபிரேசல் வெர்ப்பைத் துண்டு துண்டாக இல்லாமல் முழுசாகவே மனதில் ஏற்றிக்கொள்ளச் சொல்கிறேன்.

நீங்கள் எழுதலாமா என்றால், இது பிரிட்டிஷ்காரர்களின் பேச்சு வழக்கு. அந்த பையரே ஆரம்பித்துவிட்டதால் அவருக்கு எழுதுங்கள், தப்பில்லை. ஷிப்மென்ட் தேதி, விலை பேசுகிற மெயிலில் வேண்டாம்.

கேள்வி: 'ஐ மேட் ஃபிரெண்ட்ஷிப் வித் ஹிம்' என்பது சரியா?
- கல்லூரி மாணவர், பொள்ளாச்சி

பதில்: நம் ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம், ஆனால் சரியில்லை தம்பி. 'ஐ மேட் ஃபிரெண்ட்ஸ் வித் ஹிம்' என்று சொல்லுங்கள். எதிரில் ஒரே ஆள்தான் என்றாலும் 'ஃபிரெண்ட்ஸ்' என்று பன்மையில்தான் வரும், ஏனென்றால் நண்பர்களாவது ரெண்டு பேருமல்லவா.