படகு பிடிபட்ட மறுநாள்

கேள்வி: நடுக்கடலில் கிலோ கணக்கில் போதைப்பொருள் பிடிபடுகிறது. இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து நன்றாகத்தானே வேலை செய்கின்றன? ‘ஒத்துழைப்பு போதாது’ என்று நீங்கள் எழுதுவது குறை சொல்வதற்காகவா? நம் மீனவர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்கிறார்களே?
— ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: பிடித்தவர்களைப் பாராட்டுவதில் எனக்குத் தயக்கமே இல்லை. 2024 நவம்பரில் அரபிக்கடலில் நடந்ததைப் பாருங்கள். இலங்கைக் கொடியுடன் வரும் மீன்பிடிப் படகுகளில் சரக்கு இருக்கலாம் என்று இலங்கைக் கடற்படை தகவல் கொடுத்தது. குருகிராமில் உள்ள கடல்சார் தகவல் மையம் உதவ, நம் கடற்படை விமானம் தேடியது, கப்பல் போய் மறித்தது. இரண்டு படகுகளில் சுமார் 500 கிலோ ‘ஐஸ்’ எனப்படும் மெத்தாம்பெட்டமைன் போதைப்பொருள். படகு, ஆட்கள், சரக்கு எல்லாவற்றையும் இலங்கையிடமே ஒப்படைக்க முடிவானது. அருமையான வேலை.

என் கேள்வி அதற்கு மறுநாளிலிருந்து தொடங்குகிறது. படகில் இருப்பவர்கள் கூலிக்கு வருகிறவர்கள். சரக்கை ஏற்றியவன் ஒரு நாட்டில் இருப்பான், பணம் போட்டவன் வேறொரு நாட்டில் இருப்பான். அவர்களை நெருங்க என்ன செய்கிறோம்?

உங்கள் ஊர்க் கடலிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2020 நவம்பரில் ‘ஷெனாயா துவா’ என்ற இலங்கைப் படகை நம் கடலோரக் காவல் படை மடக்கியது. 100 கிலோ ஹெராயின், ஐந்து கைத்துப்பாக்கிகள், கூடவே ஒரு துரையா சாட்டிலைட் போன். செய்தித்தாள்களில் ஹெராயின் தலைப்பில் வந்தது, போன் கடைசி வரியில் வந்தது. என்னைக் கேட்டால் அந்த போன்தான் வழக்கின் உயிர். அது யாரிடம் பேசியது, எப்போது பேசியது என்ற பட்டியல் கிடைத்தால் படகைத் தாண்டிப் போகலாம். ஆனால் துரையா ஐக்கிய அரபு அமீரக நிறுவனம். நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் ஆவணமாக அந்தப் பட்டியலை வாங்க வேண்டுமானால் உள்துறை அமைச்சகம் வழியாக அந்த நாட்டுக்கு முறைப்படி வேண்டுகோள் போக வேண்டும், அங்கிருந்து பதில் வர வேண்டும். கடத்தல்காரன் எண்ணை மாற்ற ஒரு நிமிடம் போதும்.

நாலு மாதம் கழித்து, 2021 மார்ச்சில், லட்சத்தீவின் மினிக்காய் அருகே ‘ரவிஹன்சி’ என்ற இலங்கைப் படகு பிடிபட்டது. 300 கிலோ ஹெராயின், ஐந்து ஏ.கே.47, ஆயிரம் தோட்டாக்கள். அப்புறம் 2022 டிசம்பரில் வழக்கில் சிக்கிய வெளிநாட்டவரை அடைத்துவைக்கும் திருச்சி சிறப்பு முகாமில் இருந்த ஒன்பது இலங்கையரை தேசியப் புலனாய்வு முகமை (என்.ஐ.ஏ.) கைது செய்தது. பாகிஸ்தானில் இருக்கும் ஒரு வியாபாரியோடு சேர்ந்து இந்தியாவிலும் இலங்கையிலும் போதைப்பொருளும் ஆயுதமும் கடத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. முகாமுக்குள் இருந்தபடியே இது நடந்திருக்கிறது என்றால், கடலில் எத்தனை கப்பல் சுற்றி என்ன பயன்? இந்த மாதிரி வழக்கை நிரூபிக்கக் கொழும்பிலிருந்து சாட்சியும் வங்கிக் கணக்கும் வர வேண்டும். அதற்கான சட்ட உதவி ஒப்பந்தத்தில் இரு நாடுகளும் 2010-லேயே கையெழுத்துப் போட்டுவிட்டன. சரி, அதன்படி எத்தனை வழக்குகளில் ஆதாரம் கைமாறியது, எத்தனை பேருக்குத் தண்டனை கிடைத்தது? பிடிபட்ட எடையையும் அதன் சந்தை மதிப்பையும் அன்றே அறிவிக்கிறவர்கள், இதையும் ஆண்டுக்கு ஒருமுறை அறிவிக்கட்டும். நான் கேட்பது அதைத்தான்.

தெற்காசியக் கூட்டமைப்பான சார்க்கின் நாடுகள் 1990-லேயே போதைப்பொருளுக்கு எதிராக ஓர் உடன்படிக்கை செய்தன. தகவல் சேர்க்கக் கொழும்பில் ஒரு மையமும் வந்தது. ஆனால் 2014-க்குப் பிறகு சார்க் உச்சி மாநாடே நடக்கவில்லை. ஹெராயின் புறப்படுவதோ பெரும்பாலும் பாகிஸ்தான், ஈரான் நாடுகளின் மக்ரான் கரையிலிருந்து. ஈரான் சார்க்கில் இல்லை. பாகிஸ்தானோடு நமக்குப் பேச்சே இல்லை. இந்தியா, இலங்கை, மாலத்தீவு, மொரிஷியஸ், வங்கதேசம் உள்ளிட்ட நாடுகள் சேர்ந்த கொழும்புப் பாதுகாப்பு மாநாட்டு அமைப்பு இப்போது கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. என்றாலும் அதுவும் சரக்கு வந்து சேரும் நாடுகளின் கூட்டுதான்.

மீனவர்கள் பற்றிக் கேட்டீர்கள். பணத்துக்காகப் போகிற சிலர் இருக்கிறார்கள், மறைப்பதற்கில்லை. அதற்காக ஒரு கரையையே சந்தேகப்படுவது அநியாயம், விசாரணைக்கும் கேடு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். அந்த நீரில் அறிமுகமில்லாத படகு நின்றால் முதலில் பார்க்கிறவர் வலை போட வந்தவர்தான். பார்த்ததை அவர் யாரிடம் சொல்வார்? 2024-ல் மட்டும் எல்லை தாண்டியதாக ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்திய மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்தது. வடக்கு மாகாண மீனவருக்கோ நம் இழுவைப் படகுகள் வலையை அறுத்துப் போகும் கோபம். இரண்டு கரையிலும் சீருடையைக் கண்டால் ஒதுங்கிப் போகிறார்கள். மீன்பிடிப் பிரச்சினைக்கு இரு அரசுகளும் கூட்டுப் பணிக்குழு வைத்துப் பேசிவருகின்றன. அதே மேசையில் இரு கரை மீனவர் சங்கங்களையும் உட்கார வைத்து, தகவல் சொன்னவர் பெயர் வெளியே வராது, படகு பறிபோகாது என்று எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டும்.