கோத்தகிரிக் கரடிகள்: கேட்டதும் சொன்னதும்

காட்டு வேலையில் முப்பது வருடம் கழித்து ஓய்வு பெற்றவன் நான். ஊர்ப் பெயரைச் சொல்லி, கரடி பற்றி மட்டும் கேளுங்கள்.

கட்டபெட்டு, தேயிலை விவசாயி: அண்ணா, எங்கள் தோட்டத்து சில்வர் ஓக் மரத்தில் ஆள் உயரத்துக்குப் பிறாண்டல். பட்டையில் கறுப்பு முடி ஒட்டியிருக்கிறது. தேன் தேடி ஏறியதா?

தேன் இருந்தால் ஏறியிருக்கும். கரடி நன்றாக மரம் ஏறும். ஆனால் நீங்கள் சொல்வது உரசிய மரம். நகத்தால் கீறி, முதுகையும் விலாவையும் தேய்த்து, தன் வாசனையை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. தாயும் குட்டியும் தவிர, நம்ம ஊர்க் கரடி பெரும்பாலும் தனியாகத் திரிகிற ஜீவன். ஒன்றை ஒன்று நேரில் பார்த்தால் சண்டை வரலாம். அதனால் பேச்சுவார்த்தை எல்லாம் மரத்தின் வழியாகத்தான். பின்னால் வருகிற கரடி மோந்து பார்த்தே முன்னால் வந்தது ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ளும். ஐரோப்பாவின் பழுப்புக் கரடிகளுக்குப் பாதத்திலேயே வாசனைச் சுரப்பிகள் இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். தரையில் காலைத் திருகித் திருகி நடந்து தடம் போடும்.

இங்கே பெரும்பாலும் மே முதல் ஜூலை வரை இணை சேரும் காலம். அப்போது ஆண் கரடி இப்படி அதிகம் எழுதும். மரத்தை வெட்டலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம், பக்கத்து மரத்தில் எழுதும். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் அந்தப் பக்கம் விடியற்காலையில் தனியாகப் போகாமல், பேசிக்கொண்டே கூட்டமாகப் போனால் போதும். நாயை அவிழ்த்துவிட்டுக் கூட்டிப் போகாதீர்கள். அது கரடியைச் சீண்டிவிட்டு உங்கள் காலடிக்குத்தான் ஓடி வரும்.

கோத்தகிரி, பள்ளி மாணவி: குளிர்காலத்தில் கரடி தூங்குமா, ஐயா?

நம்ம கரடி தூங்காது கண்ணு. வருடம் முழுக்க இரை கிடைக்கும்போது எதற்குத் தூங்க வேண்டும்? குட்டி போடுகிற தாய் மட்டும் நவம்பர், டிசம்பர் வாக்கில் பாறைக் குகையில் ஒதுங்கி, இரண்டு மூன்று மாதம் கழித்து முதுகில் குட்டியோடு வெளியே வரும். குட்டியை இப்படி முதுகில் சுமந்து திரிவது நம்ம கரடிக்கே உரிய பழக்கம்.

குன்னூர்: எங்கள் மாரியம்மன் கோயில் கதவைக் கரடி உடைத்து விளக்கில் இருந்த எண்ணெயைக் குடித்துவிட்டது. எண்ணெய் அதன் தீனியே இல்லையே?

அதன் வாயைப் பார்த்தால் புரியும். மேல் வரிசையில் நடு முன்பல் இரண்டும் கிடையாது. அந்த இடைவெளி, குழிந்த அண்ணம், நீட்டிக் குவிக்கிற உதடு, நினைத்தால் மூடிக்கொள்கிற மூக்குத் துவாரம் எல்லாம் கறையானை உறிஞ்சுவதற்கு. நகத்தால் புற்றைப் பிளந்து, மண்ணை ஊதித் தள்ளிவிட்டு இழுக்கும்போது அந்தச் சத்தம் 100 மீட்டருக்கு மேல் கேட்கும். எண்ணெய் அந்த வாய்க்குச் சுலபமான வேலை. கறையானில் கொழுப்பைத் துளித் துளியாகச் சேர்க்கிற ஜீவன் ஒரு விளக்கு நிறைய எண்ணெயைக் கண்டால் விடுமா? அம்மன் மேல் அதற்குக் கோபம் ஒன்றும் இல்லை. ராத்திரி விளக்கைக் கழுவி, எண்ணெய்ப் பாத்திரத்தை வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.

ஊட்டி: காட்டை அழித்தோம், அதனால் ஊருக்குள் வருகிறது. சரிதானே?

இதைச் சொல்லாத மேடை இல்லை. பாதி சரி. சோலையையும் புல்வெளியையும் தேயிலைக்கும் கட்டடத்துக்கும் கொடுத்தோம், மறுக்கவில்லை. ஆனால் பச்சைத் தேயிலை விலை விழுந்த பிறகு செடியை வெட்டிவிடும் கவ்வாத்து வேலை இல்லாமல் விட்ட தோட்டங்களைப் போய்ப் பாருங்கள். உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. பகலில் படுக்க நிழல், தின்ன உண்ணிப்பழம், வேலி ஓரத்தில் பேரி மரம், நடந்து போகிற தூரத்தில் குப்பைத் தொட்டி. கரடி எங்கிருந்தோ வரவில்லை. அது இங்கேயே குடியிருக்கிறது.

குன்னூர், பேக்கரிக்காரர்: குப்பை என்றாலே எங்களைத்தான் சொல்வீர்கள். புதர் வளர்த்தது தோட்டக்காரர்கள்தானே?

கட்டபெட்டு: கிலோவுக்குக் கட்டுப்படியாகிற விலை வந்தால் நான் ஏன் புதர் வளர்க்கப் போகிறேன்? வர்க்கித் தூளையும் டால்டா டின்னையும் பின்வாசலில் கொட்டுவது யார்?

பேக்கரிக்காரர்: பிடித்து முதுமலையில் விடச் சொல்லுங்கள், முடிந்தது கதை.

முடியாது. பிடிப்பதற்கே தலைமை வன உயிரினக் காப்பாளரின் உத்தரவு வேண்டும். கொண்டுபோய் விடுகிற இடத்தில் ஏற்கெனவே வேறு கரடி மரத்தில் எழுதி வைத்திருக்கும். விட்டது திரும்பி நடக்கும், வழியில் புது ஊர்களைப் பழகிக்கொள்ளும். இங்கே காலியான புதருக்கு அடுத்த கரடி வரும். புதரை வீட்டையும் நடைபாதையையும் ஒட்டி மட்டும் வெட்டுங்கள், மலை முழுக்க வேண்டாம். பேக்கரிக்காரரே, டின்னைக் கழுவிப் பூட்டி வையுங்கள். இரண்டு பேரும் செய்ய வேண்டியதுதான். இத்தோடு இந்தச் சண்டையை விடுங்கள்.

கொடைக்கானல்: செத்த மாதிரி படுத்தால் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும் என்பது உண்மையா?

தூரத்தில் பார்த்தவுடனே படுக்காதீர்கள். சத்தமில்லாமல் பின்வாங்குங்கள், ஓடாதீர்கள். மேலே பாய்ந்தேவிட்டால் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் பிடரியை மூடிக்கொள்ளுங்கள். முகத்தையும் தலையையும்தான் அது குறிவைக்கும். பெரும்பாலான தாக்குதல் திடீரென்று எதிர்ப்படுவதால் நடக்கிறது. காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு நடக்காதீர்கள். நாயை அவிழ்த்துவிடாதீர்கள்.

கூடலூர்: கரடி எதிரே வந்தால் என்ன செய்ய?

மேலே கொடைக்கானல்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

குன்னூர்: காலை நடைக்கு நாயைக் கூட்டிப் போனால் பாதுகாப்புதானே?

இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

பெயர் வேண்டாம்: குழந்தைக்குப் பயம் போக கரடி முடித் தாயத்து எங்கே கிடைக்கும்?

கரடி 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. வாங்கினாலும் விற்றாலும் ஜெயில். குழந்தை பயந்தால் அதன் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள்.

அரவேணு: சிறுத்தை எங்கள் கோழியை...

கரடி மட்டும் என்றேனே. வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

கட்டபெட்டு: அண்ணா, அந்த முடியை எடுத்து அனுப்பவா?

வேண்டாம், கையே வைக்காதீர்கள். தாயத்துக்காரருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். கவ்வாத்துக் கத்தியை மரத்தில் சாய்த்து, அளவு தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுங்கள். பதினோரு மணிக்கு மேல், வெயில் வந்த பிறகு.