மாடிச் சுரைக்காய் கசப்பு: உப்புத் தண்ணியில் போகுமா?

வணக்கம் சகோ. சித்திரை வெயிலில் மாடியில் காய்த்த சுரைக்காய் கசக்கிறது, உப்புத் தண்ணியில் ஊறவைத்துக் கூட்டு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தக் கசப்பு குக்கர்பிட்டாசின் என்ற நச்சுப்பொருள். பூச்சியும் ஆடுமாடும் தின்றுவிடாமலிருக்கச் செடியே தயாரிப்பது, வேகவைத்தாலும் போகாது. வாந்தி, ரத்தத்தோடு பேதி, ரத்த அழுத்தம் சரிவது வரை கொண்டுபோய்விடும். கசந்த சுரைக்காய் ஜூஸ் குடித்து இறந்தவர்களும் நம் நாட்டில் உண்டு. வீட்டில் யாராவது ஏற்கெனவே சாப்பிட்டு வயிற்றைப் பிரட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பக்கத்துச் செடிப் பையில் பாகல் இருப்பதால்தான் கசப்பு ஏறியது என்கிறீர்கள். அப்படியில்லை, இரண்டும் வேறு பேரினம், மகரந்தம் சேராது. கடும் வெயில், ஒருநாள் மண் காய்ந்து வெடிப்பது, மறுநாள் குடம் குடமாக ஊற்றுவது, இந்தத் தவிப்பில்தான் செடி கசப்பைக் கூட்டும். காலை மாலை அளவாகத் தண்ணீர் விட்டு, காய்ந்த சருகால் மூடாக்குப் போடுங்கள்.

முதல் காயிலிருந்தே எல்லாம் கசந்திருந்தால் கோளாறு பெரும்பாலும் விதையில். கொடியைப் பிடுங்கிவிடுங்கள், விதைக்கும் எடுக்காதீர்கள். இனி எந்தச் சுரைக்காயானாலும் சமைக்குமுன் காம்புப் பக்கம் சின்னத் துண்டு நறுக்கி நாக்கு நுனியில் வைத்துத் துப்பிப் பாருங்கள். லேசாகக் கசந்தாலும் முழுக்காயும் குப்பைக்குத்தான்.