துடுப்பு வலித்தவனுக்குப் படியளந்தது யார்?

கல்லூரியில் வரலாறு படிக்கும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பெலொப்பொனேசியப் போரை மூன்று முறை படிக்க ஆரம்பித்து மூன்று முறையும் பாதியில் விட்டுவிட்டேன். பெயர்களும் ஊர்களும் குழப்புகின்றன. கடற்படையும் பணமும் வைத்திருந்த ஏதென்ஸ் ஸ்பார்ட்டாவிடம் எப்படித் தோற்றது என்பதும் பிடிபடவில்லை. எதைப் பிடித்துக்கொண்டு படிப்பது?"

சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பண்டைய கிரேக்கத்தில் ஏதென்ஸ் அணிக்கும் ஸ்பார்ட்டா அணிக்கும் கி.மு. 431 முதல் 404 வரை 27 ஆண்டுகள் நடந்த போர் இது. தளபதிகள் வருவார்கள், சாவார்கள், கட்சி மாறுவார்கள். அவர்கள் பின்னாலேயே ஓடினால் மூச்சு வாங்கும். கப்பலில் துடுப்பு வலிப்பவனுக்கு இந்த வருடம் யார் படியளக்கிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டே வாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். அன்றைய போர்க்கப்பலான ட்ரைரீமில் மூன்று அடுக்காக 170 பேர் துடுப்பு வலிப்பார்கள். மற்றவர்களையும் சேர்த்தால் சுமார் 200 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு டிராக்மா (அன்றைய வெள்ளிக்காசு) கூலி என்றால், ஒரு கப்பலுக்கு மாதம் 6,000 டிராக்மா. அதுதான் ஒரு டேலன்ட், ஏறத்தாழ 26 கிலோ வெள்ளி. நூறு கப்பலை ஒரே ஒரு மாதம் கடலில் நிறுத்த 100 டேலன்ட் வேண்டும். போர் தொடங்கும்போது நேச நாடுகளிடமிருந்து ஆண்டுக்கு 600 டேலன்ட் வருகிறது, கையிருப்பு 6,000 இருக்கிறது என்று ஏதென்ஸின் தலைவர் பெரிக்கிளிஸ் மக்களுக்குக் கணக்குச் சொன்னார். பெரிய தொகைதான், ஆனால் 27 ஆண்டுக்குத் தாங்குமா? கூலியைப் பாதியாகக் குறைத்தாலும் இழுபறிதான். இன்னொன்று: சினிமாவில் காட்டுவதுபோலத் துடுப்பு வலித்தவர்கள் எல்லோரும் சங்கிலியில் கட்டிய அடிமைகள் அல்லர். பெரும்பாலும் கூலிக்கு வந்த ஏழைக் குடிமக்களும் வெளியூர்க்காரர்களும்தான். வெளியூர்க்காரன் எங்கே கூலி அதிகமோ அங்கே போய்விடுவான். இதை மறந்துவிடாதீர்கள், கடைசியில் தேவைப்படும்.

சரி, ஏதென்ஸுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? பாரசீகத்துக்கு எதிராகக் கி.மு. 478-இல் பல ஊர்கள் சேர்ந்து ஒரு கூட்டணி அமைத்தன. கஜானா டீலோஸ் தீவில் இருந்தது. கி.மு. 454-இல் அதை ஏதென்ஸ் தன் ஊருக்கே கொண்டுவந்துவிட்டது. அதன்பிறகு அது கூட்டணிச் சந்தா அல்ல, கப்பம். எந்த ஊராவது விலகப் பார்த்தால் ஏதென்ஸ் பதறியது இதனால்தான்.

கி.மு. 427-இல் கூட்டணி ஊர்களில் ஒன்றான மிட்டிலீன் கிளர்ச்சி செய்து அடங்கியபோது, அங்குள்ள ஆண்கள் அத்தனை பேரையும் கொல்வது என ஏதென்ஸ் மக்கள் அவை முடிவெடுத்து, கப்பலும் அனுப்பிவிட்டது. மறுநாள் மனம் உறுத்தியது. மறுபடி கூடினார்கள். கிளியோன் என்ற அரசியல்வாதி 'கொல்' என்றார். எதிர்த்துப் பேசிய டயோடோட்டஸ் கருணையைப் பற்றிப் பேசவே இல்லை என்பதுதான் வேடிக்கை. சரணடைந்தாலும் சாவுதான் என்று தெரிந்தால் எந்த ஊரும் கடைசிவரை போராடும், முற்றுகைச் செலவு நம் தலையில் விழும், இடிந்த ஊரிலிருந்து வருமானமும் வராது என்று வரவு செலவு பேசினார். சொற்ப வாக்கில் ஜெயித்தார். இரண்டாவது கப்பல் கிளம்பியது. எண்ணெயும் ஒயினும் விட்டுப் பிசைந்த வாற்கோதுமை மாவைத் துடுப்பு வலித்தபடியே வாயில் போட்டுக்கொண்டு, முறைவைத்துத் தூங்கிக்கொண்டு போனார்கள். முதல் கப்பல்காரர்களுக்கு அந்த வேலையில் இஷ்டமில்லை, மெதுவாகத்தான் போயிருக்கிறார்கள். தளபதி ஆணையைப் படித்து முடித்த நேரத்தில் இரண்டாவது கப்பல் கரை சேர்ந்தது.

கொள்ளை நோய், பெரிக்கிளிஸின் மரணம், கி.மு. 421-இன் அரைகுறைச் சமாதானம் எல்லாவற்றையும் முதல் வாசிப்பில் வேகமாகக் கடந்துவிடலாம். நிற்க வேண்டிய இடம் கி.மு. 413. அந்த வருடம் இரண்டு அடி. சிசிலிக்குப் போன ஏதென்ஸ் படை மொத்தமாக அழிந்தது. ஏதென்ஸுக்குப் பக்கத்திலேயே டெசிலியா என்ற ஊரில் ஸ்பார்ட்டா நிரந்தரக் கோட்டை போட்டு உட்கார்ந்தது. அதைத் தொடர்ந்து 20,000-க்கும் மேற்பட்ட அடிமைகள் ஓடிப்போனார்கள், லாரியன் வெள்ளிச் சுரங்கத்திலிருந்து வந்த வருமானமும் போயிற்று.

ஸ்பார்ட்டாவிடம் தரைப்படை உண்டு, காசு கிடையாது. அதைக் கொடுத்தது பாரசீகம். இளவரசர் சைரஸ் (பேரரசை நிறுவிய சைரஸ் அல்ல, பிற்காலத்தவர்) ஸ்பார்ட்டாவின் கடற்படைத் தளபதி லைசாண்டருக்கு விருந்து வைத்து, உனக்கு என்ன செய்தால் மகிழ்ச்சி என்று கேட்டார். "ஒவ்வொரு மாலுமிக்கும் ஒரு ஓபோல் கூட்டிக் கொடுங்கள்" என்றார் லைசாண்டர். ஆறு ஓபோல் ஒரு டிராக்மா. மூன்று ஓபோலாக இருந்த தினக்கூலி நான்காயிற்று. பழைய பாக்கியும் தீர்ந்தது, ஒரு மாத முன்பணமும் கிடைத்தது. வெளியூர்க்காரன் கூலி அதிகமான இடத்துக்குப் போவான் என்றேனே, அது இங்கேதான் தேவைப்படுகிறது. என்னைக் கேட்டால், இந்தப் போரின் திருப்புமுனை அந்த ஒரு ஓபோல்தான்.

முடிவும் சோற்றில்தான் வந்தது. கி.மு. 405-இல், கருங்கடலுக்குப் போகும் வழியிலுள்ள ஒரு ஜலசந்தியில், ஈகோஸ்பொட்டமி கரையில் ஏதென்ஸ் கப்பல்கள் நின்றன. பக்கத்தில் சந்தை இல்லை. சாப்பாட்டுக்கு செஸ்டோஸ் என்ற ஊர் வரை போக வேண்டும். எதிர்க்கரையில் லைசாண்டர், தானியமும் ஒயினும் நிறைந்த லாம்ப்சக்கஸ் ஊரில் சௌகரியமாக இருந்தார். ஐந்தாம் நாள், ஏதென்ஸ் ஆட்கள் சாப்பாடு தேடிச் சிதறிய நேரம் பார்த்துப் பாய்ந்தார். கோனோன் என்ற தளபதி சில கப்பல்களோடு தப்பினார், மற்றவை பிடிபட்டன. கருங்கடலிலிருந்து தானியம் வரும் வழி அடைபட்டது. பட்டினியில் கி.மு. 404-இல் ஏதென்ஸ் சரணடைந்தது.

இதற்காகத் தேர்வில் பணம் மட்டுமே காரணம் என்று எழுதிவிடாதீர்கள். கி.மு. 406-இல் ஆர்கினூசே கடற்போரில் ஜெயித்துவிட்டு, தண்ணீரில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றவில்லை என்று தன் தளபதிகள் ஆறு பேருக்கே மரண தண்டனை கொடுத்த ஊர் ஏதென்ஸ்.

படிக்கும் வரிசை: இந்தப் போரின் வரலாற்றை எழுதிய துசிடிடீஸின் நூலை முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். மூன்றாம் பாகத்தின் மிட்டிலீன் விவாதம், அப்புறம் ஆறு, ஏழாம் பாகங்களின் சிசிலிப் படையெடுப்பு, அதற்குப் பின் முதல் பாகம். லாசிடீமோனியர் என்று வந்தால் ஸ்பார்ட்டாக்காரர் என்று படித்துக்கொள்ளுங்கள். அவருடைய நூல் கி.மு. 411-இல் நடுவிலேயே நின்றுவிடும், உங்கள் பிரதியில் பக்கம் கிழிந்துவிடவில்லை. மீதியைச் செனபோன் என்ற இன்னொரு வரலாற்றாசிரியர் சொல்வார். அவர் போருக்குப் பின்னும் எழுதிக்கொண்டு போகிறார், அதையும் விடாதீர்கள். தப்பிய அந்தக் கோனோன் கி.மு. 393-இல் பாரசீகக் கப்பல்களோடு ஏதென்ஸுக்குத் திரும்பி, பாரசீகப் பணத்திலேயே இடிந்த மதில்களை எழுப்ப வைப்பதை அங்கே பார்ப்பீர்கள்.