மினிட் புத்தகத்தில் ஏறியதா? நகராட்சி மன்றம் பற்றிச் சில கேள்வி பதில்

முப்பத்தொரு வருடம் நகராட்சி அலுவலகங்களில் குப்பை கொட்டினேன். கடைசிப் பதினோரு வருடம் மன்றப் பிரிவு. அஜெண்டா தயாரிப்பது, கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுப்பது, தீர்மானத்தை மினிட் புத்தகத்தில் எழுதித் தலைவர் கையெழுத்து வாங்குவது, இதுதான் வேலை. மன்றம், தீர்மானம், நிதி பற்றிக் கேளுங்கள். கட்டட வரைபட அனுமதி என் பிரிவு அல்ல, அதைக் கேட்டால் தப்பாகச் சொல்லிவிடுவேன்.

புதிதாகக் குடிவந்தவர்: எங்கள் தெருவுக்கு சிமெண்ட் சாலை மன்றத்தில் பாஸ் ஆகிவிட்டது என்று கவுன்சிலர் ஆறு மாதமாகச் சொல்கிறார். உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தீர்மான எண் என்ன, தேதி என்ன என்று கேளுங்கள். இந்த இரண்டும் இல்லாத ‘பாஸ்’ டீக்கடைப் பேச்சு. இன்று எத்தனை பேர் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்லப் போகிறேன்.

பாஸ் என்ற ஒரே சொல்லுக்குள் பல படிகள் உண்டு. பொறியியல் பிரிவு மதிப்பீடு போட வேண்டும். அதற்குத் தொழில்நுட்ப அனுமதி, மன்றத்தின் நிர்வாக அனுமதி இரண்டும் வேண்டும். பிறகு ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும். வந்த விலையை ஏற்க வேண்டும். அதன் பிறகுதான் பணி ஆணை. கவுன்சிலர் சொல்வது எந்தப் படி? பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கும். சில நேரம் பூஜ்யமாவது படி, அதாவது மனு கொடுத்திருப்பார்.

இன்னொரு விஷயம். அஜெண்டாவில் ஒவ்வொரு பொருளுக்கும் கீழே அலுவலகக் குறிப்பு இருக்கும். அதில் ‘நிதி ஆதாரம்’ என்று ஒரு வரி வரும். அந்த வரியைத்தான் நான் முதலில் படிப்பேன். திட்டத்தின் பெயரும் ஆண்டும் போட்டிருந்தால் சாலை வரும். ‘பொது நிதி’ என்று மட்டும் இருந்தால், அந்த மாதச் சம்பளம், ஓய்வூதியம், மின்கட்டணம் எல்லாம் போய் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். பல சிறிய ஊர்களில் ஒன்றும் மிஞ்சாது. நானே எழுதிய எத்தனையோ தீர்மானங்கள் அப்படிப் புத்தகத்திலேயே படுத்துத் தூங்குகின்றன.

தீர்மான நகல் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். ‘என் தெருவுக்குச் சாலை எப்போது வரும்’ என்று கேட்காதீர்கள், அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். ‘இன்ன மாதக் கூட்டத்தின் தீர்மானங்கள், அலுவலகக் குறிப்புடன்’ என்று கேளுங்கள்.

ஓய்வு பெற்ற ஆசிரியர்: சொத்து வரியை இவ்வளவு ஏற்றியது நகர்மன்றமா, அரசா?

அரசு உத்தரவு, மன்றத் தீர்மானம் இரண்டும் சேர்ந்தது சார். நகராட்சிகளில் 2008க்குப் பிறகு பத்து வருடம் பொதுச் சீராய்வு, அதாவது எல்லோருடைய வரியையும் ஒன்றாகத் திருத்துவது, நடக்கவில்லை. 2018இல் ஏற்றினார்கள், 2019இல் நிறுத்தி வைத்தார்கள். நீங்கள் கேட்கிற பெரிய ஏற்றம் 2022 ஏப்ரலில் வந்தது. சென்னைக்கு வெளியே வீடுகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100. கடைகளுக்கு 100 சதவீதம். மத்தியிலிருந்து வரும் பதினைந்தாவது நிதிக்குழுவின் 2021-26 நகர்ப்புற மானியம் வேண்டுமென்றால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்க வேண்டும், வசூலும் வளர வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. மன்றம் ‘முடியாது’ என்று தீர்மானம் போட்டிருந்தால் மானியம் நின்றிருக்கும். அதனால் எல்லாக் கட்சிக் கவுன்சிலர்களும் எதிர்த்துப் பேசுவார்கள், பத்திரிகையில் பெயர் வரும், தீர்மானம் நிறைவேறும்.

அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள், ஏப்ரல் 30 அல்லது அக்டோபர் 31க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. அதையாவது விடாதீர்கள்.

வீட்டு உரிமையாளர்: சார், வரி ஏன் இப்படி ஏறியது?

மேலே ஆசிரியருக்குச் சொன்னதேதான்.

பூ வியாபாரி: பேருந்து நிலையத்துக்கு வெளியே இருபது வருடமாகக் கடை போடுகிறோம். மன்றத்தில் தீர்மானம் போட்டுவிட்டோம், வருகிற திங்கட்கிழமை காலி செய்யுங்கள் என்கிறார்கள். போக வேண்டியதுதானா?

அவசரப்பட வேண்டாம் அம்மா. 2014இல் தெரு வியாபாரிகளுக்கென்று மத்தியச் சட்டம் வந்துவிட்டது. மன்றத் தீர்மானம் அந்தச் சட்டத்துக்குக் கீழேதான். அதன்படி ஊரில் நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும். அந்தக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே, அவர்களில் மூன்றில் ஒருவர் பெண். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுத்து எல்லோருக்கும் சான்று கொடுத்து முடியும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. சான்று உள்ளவரை இடம் மாற்றுவதென்றாலும் முப்பது நாள் நோட்டீஸ் வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது: கணக்கெடுப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அடையாள அட்டை கொடுத்திருந்தால் ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் வையுங்கள், கடையில் வைக்காதீர்கள். தினசரி அல்லது குத்தகைச் சுங்க ரசீது பழையது கிடைத்தால் எல்லாவற்றையும் சேர்த்துவிடுங்கள், அந்த இடத்தில் இருந்ததற்கு அது சாட்சி. பிறகு தனியாகப் போகாமல் பத்துப் பேராகப் போய் ஆணையரிடம் எழுத்தில் கொடுங்கள். வாங்கியதற்குத் தேதி முத்திரை போட்ட நகல் கையில் இல்லாமல் அலுவலகப் படி இறங்காதீர்கள். அந்தத் தீர்மானத்தின் எண், தேதி கேளுங்கள். திங்கட்கிழமை என்கிறவரிடம் தீர்மானமே இருக்காது என்று என் அனுபவம் சொல்கிறது.

இளைஞர் நற்பணி மன்றத்துக்காரர்: மதுக்கடையை மூடச் சொல்லி நகர்மன்றம் தீர்மானம் போட முடியுமா?

போடலாம். அது கோரிக்கைதான், கடைச் சாவி மன்றத்திடம் இல்லை.

முதல் முறை கவுன்சிலர், பெண்: அண்ணா, கூட்டத்துக்கு அறுபது எழுபது பொருள் வைக்கிறார்கள். படிப்பதற்குள் ‘ஆல் பாஸ்’ என்று முடித்துவிடுகிறார்கள். கேள்வி கேட்டால் ‘உங்க வீட்டுக்காரரிடம் பேசிக்கிறோம்’ என்கிறார்கள்.

தங்கச்சி, இந்தக் கேள்விக்காகத்தான் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன்.

பதினொரு மணிக்குக் கூட்டம் என்றால் பதினொன்றேகாலுக்குத் திருக்குறள், இரங்கல் தீர்மானம். பிறகு டீ, மிக்சர். மிக்சர் தட்டு கடைசி வரிசைக்குப் போய்ச் சேருவதற்குள் முப்பது பொருள் முடிந்திருக்கும். நான் தலையை நிமிர்த்தாமல் ‘மன்றம் அனுமதிக்கிறது’ என்று எழுதிக்கொண்டே போவேன். கை வலிக்கும்.

மூன்று காரியம் செய்யுங்கள். என் காலத்தில் முழுதாக மூன்று நாள் முன்னால் அஜெண்டா கையில் கொடுத்தாக வேண்டும். தாமதமாக வந்தால் கையெழுத்துப் போடும்போதே தேதி, நேரம் எழுதுங்கள். இரண்டாவது, வாயால் எதிர்த்தால் குறிப்பில் வராது. ‘பொருள் எண் இன்னதற்கு என் ஆட்சேபணையைப் பதிவு செய்க’ என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதித் தலைவரிடமும் ஆணையரிடமும் கூட்டம் நடக்கும்போதே கொடுங்கள். தாள் வந்துவிட்டால் என்னைப் போன்ற எழுத்தர் அதை விழுங்க முடியாது. மூன்றாவது, ‘அவசர அவசியம் கருதி, மன்றத்தின் அனுமதியை எதிர்நோக்கித் தலைவர் முன் அனுமதி வழங்கியது’ என்று தொடங்கும் பொருள்களை மட்டும் தனியாக எண்ணுங்கள். அவை செலவு ஏற்கெனவே நடந்து முடிந்தவை, உங்களிடம் கேட்பது பின்னேற்பு மட்டும். வெள்ளத்தில் மோட்டார் வாடகைக்கு எடுத்தது அவசரம்தான். வரவேற்பு வளைவுக்குப் பெயிண்ட் அடித்தது என்ன அவசரம் என்று கேளுங்கள்.

வீட்டுக்காரர் விஷயம்: 50 சதவீத இடம் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் திருத்தினார்கள். வருகைப் பதிவேட்டில் அவர் கையெழுத்துப் போட முடியாதில்லையா? பேச்சும் அவருடையதல்ல.

அடுக்குமாடிச் சங்கச் செயலாளர்: நமக்கு நாமே திட்டத்தில் எங்கள் தெருக்காரர்கள் பணம் போட்டு வடிகால் கட்டலாம் என்றிருக்கிறோம். எப்படி?

மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கையாவது நீங்கள் கட்ட வேண்டும், மீதி அரசுப் பணம். 1997இல் வந்த யோசனை, இடையில் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021இல் நகரங்களுக்குப் பழைய பெயரிலேயே திரும்பி வந்தது. பங்கைச் சங்கத்தின் பெயரில் காசோலையாகவோ டிடியாகவோ கட்டுங்கள். ஒப்பந்ததாரர் ‘நானே கட்டிக்கொள்கிறேன், நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள்’ என்று வருவார். விரட்டிவிடுங்கள். உங்கள் பங்கை அவர் கட்டினால் அதை எதில் எடுப்பார்? சிமெண்டில்தான்.

ஆனால் வடிகால் என்கிறீர்களே, அதுதான் எனக்குச் சங்கடம். பூங்காச் சுவர், நூலகத்துக்கு மேசை நாற்காலி என்றால் தாராளமாகச் செய்யுங்கள். வடிகால் ஒரு தெருவோடு முடிவதில்லை.

நான் வேலை பார்த்த ஓர் ஊரில் நாற்பது வீடு, வீட்டுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு என்று ஒரு லட்சம் சேர்த்தார்கள். இட்லிக்கடை வைத்திருந்த ஒரு அம்மா பத்து ரூபாய்த் தாள்களாகவே கொண்டுவந்து எண்ணி வைத்தார், சங்கத்தில் பாதி நாள் அதை எண்ணினார்கள். மூன்று லட்சத்துக்கு வடிகால் வந்தது. அழகான வடிகால், மூடி போட்டது. பணம் கட்டிய கடைசி வீட்டுச் சுவரோடு நின்றுவிட்டது. மதிப்பீடு அவ்வளவுதான். அடுத்த தெருவில் கூலி வேலைக்காரர்கள், பங்களிப்பு கட்டவில்லை. முதல் மழைக்கு நாற்பது வீட்டுத் தண்ணீரும் அவர்கள் வாசலில் கொட்டியது. அந்தத் தீர்மானத்தை எழுதியது நான்தான்.

அதே செயலாளர்: அடுத்த தெருக்காரர்களும் பணம் போட வேண்டியதுதானே? நாங்கள் கட்டவில்லையா?

அவர்களும் சொத்து வரி கட்டுகிறார்கள். அவர்களுக்கும் வடிகால் நகராட்சியின் கடமை, உங்கள் தயவு இல்லை.

கூலித் தெருவில் வளர்ந்தவர்: சரியாகச் சொன்னீர்கள். வசதியுள்ள தெரு ஒரு ரூபாய் போட்டு அரசிடம் இரண்டு ரூபாய் வாங்கிக்கொள்கிறது. இல்லாதவனுக்கு அந்த இரண்டும் இல்லை. இதற்குப் பெயர் நமக்கு நாமேவா, தமக்குத் தாமேவா?

கடைவீதி வணிகர்: அப்படியென்றால் யாருமே பணம் போடக் கூடாதா? எங்கள் கடைவீதிக்குக் கண்காணிப்புக் கேமரா இப்படித்தான் வந்தது. காத்திருந்தால் இன்னும் வந்திருக்காது.

இரண்டு பேரும் சரிதான், அதனால்தான் தலைவலி. வணிகருக்கு: கேமரா உங்கள் வீதியில் இருந்தால் பக்கத்து வீதிக்கு நஷ்டமில்லை, அதை எதிர்க்கவில்லை. தம்பிக்கு: திட்டத்தைத் திட்டிப் பயனில்லை, மீதிப் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். நிதிக்குழு மானியத்தில் 2021-26க்கு 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிவைத்த பணம், 40 சதவீதம்தான் மன்றத்தின் இஷ்டமாக இருந்தது. மாநிலச் சொந்த வரியில் 10 சதவீதம் எல்லா உள்ளாட்சிகளுக்கும் பிரிந்து வருகிறது. பணம் கட்ட முடியாத தெருக்களுக்கு மன்றத்தின் இஷ்டத்துக்கு விட்ட பணத்தில் முதல் இடம் என்று மன்றம் ஒரு தீர்மானம் போட்டால் போதும், யாரும் தடுக்க மாட்டார்கள். பதினோரு வருடத்தில் அப்படி ஒரு பொருளை எந்தக் கவுன்சிலரும் என்னிடம் எழுதித் தரவில்லை.

செயலாளர்: நீங்கள் எங்களைக் குற்றவாளி ஆக்குகிறீர்கள்.

இல்லை சார். உங்கள் மதிப்பீட்டை ஓடை வரைக்கும் போடச் சொல்லுங்கள் என்கிறேன். பொறியாளரிடம் ‘தண்ணீர் எங்கே போய் விழும்’ என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். செலவு கூடும். கூடும் பகுதிக்குப் பொது நிதி கேட்டு மன்றத்தில் பொருள் வைக்கச் சொல்லுங்கள், நான் வரைவு எழுதித் தருகிறேன்.

வேறொரு வீட்டு உரிமையாளர்: சொத்து வரி ஏன்...

மேலே.

சமூக ஆர்வலர்: பகுதி சபைக் கூட்டம் என்று நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். போனால் பயன் உண்டா?

2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று முதன்முதலாக நடத்தினார்கள். கிராமசபை போல நகரத்துக்கு. போங்கள், ஆனால் பேசிவிட்டு வராதீர்கள். நீங்கள் சொன்னது குறிப்பேட்டில் ஏறியதா என்று பார்த்து, கீழே உங்கள் கையெழுத்தையும் போட்டுவிட்டு வாருங்கள்.

கல்லூரி மாணவர்: குப்பையைத் தரம் பிரிக்காவிட்டால் அபராதம் போட நகராட்சிக்கு அதிகாரம் உண்டா?

உண்டு. 2016 திடக்கழிவு விதிகளே துணைவிதி, அதாவது நகராட்சி தானே போடும் விதி, இயற்றச் சொல்லியிருந்தன. அந்தத் துணைவிதி உங்கள் ஊரில் இயற்றப்பட்டதா என்று பாருங்கள். ரசீதில்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

மாடி வீட்டுக்காரர்: மேல்தளத்துக்கு வரைபட அனுமதி...

நகரமைப்புப் பிரிவு. முதல் பத்தியிலேயே சொன்னேன்.

இரவுப்பணி செவிலியர்: தெருவிளக்கு மூன்று மாதமாக எரியவில்லை. மூன்று முறை சொல்லிவிட்டேன்.

கம்பத்தில் எண் எழுதியிருக்கும் அம்மா. அதைச் சொல்லிப் புகார் கொடுங்கள். ‘முருகன் கோயில் பக்கத்துக் கம்பம்’ என்றால் ஊரில் ஆறு முருகன் கோயில்.

அதே செவிலியர்: கம்பத்தில் எண் அழிந்துவிட்டது.

அப்படியானால் எண் தெரிகிற பக்கத்துக் கம்பத்தைச் சொல்லி, அதிலிருந்து கிழக்கே எத்தனையாவது என்று எழுதுங்கள். புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். நான்காவது முறை போகும்போது மூன்று புகார் எண்ணையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள், ஒயர்மேன் அன்றைக்கே வருவார்.