டிரெய்லரில் 13 மாதக் குடித்தனம்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

நானும் என் கணவரும் 2022 செப்டம்பரில் மிச்சிகனிலிருந்து கிளம்பினோம். திரும்பி வந்தது 2023 அக்டோபரில். அப்போது எனக்கு 65, அவருக்கு 68. பிக்கப் வண்டிக்குப் பின்னால் 25 அடி டிரெய்லர், அதுதான் வீடு. டெக்சஸ், குளிர்காலத்துக்கு அரிசோனா, அப்புறம் கலிபோர்னியா, ஆரிகன், கோடையில் மொன்டானா, வயோமிங் என்று ஒரு பெரிய சுற்று, மொத்தம் 17,000 மைல். நான் மருந்துக்கடையில் மருந்தாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டதுதான். வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

டல்லாஸிலிருந்து: அம்மா, எங்கள் பிக்கப் 11,000 பவுண்டு இழுக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். 30 அடி டிரெய்லர் வாங்கலாமா?

தம்பி, விளம்பரத்தை மறந்துவிடுங்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, நிலையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று இருக்கும். அந்த எண்தான் உங்கள் எஜமான்.

எங்கள் கணக்கைச் சொல்கிறேன். ஸ்டிக்கரில் 1,560 பவுண்டு. டிரெய்லரைச் சாமானோடு எடை போட்டால் 6,300. அதன் மூக்கு வண்டியின் முதுகில் உட்காரும் எடை, மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். எங்களுக்கு 800 வந்தது. டிரெய்லரை வண்டியோடு இணைத்து எடையைப் பரப்பும் ஹிட்ச் என்ற கருவி மட்டும் 90. நாங்கள் இருவரும் 310. பின்னால் போட்ட ஜெனரேட்டர், கருவிகள் 250. கூட்டினால் 1,450. மிச்சம் 110 பவுண்டு, அதில் 40 பவுண்டு பொன்னி அரிசி! இழுக்கும் சக்தியில் பாதி சும்மா கிடந்தது, ஆனால் சுமக்கும் சக்தி தீர்ந்துவிட்டது. 30 அடி என்றால் பெரும்பாலும் இன்னும் பெரிய வண்டியும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும்.

வாங்கிய பிறகு லாரிகள் நிற்கும் பெட்ரோல் நிலையங்களில் இருக்கும் எடைமேடையில் ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள். சில டாலர்தான். தண்ணீர்த் தொட்டியை நிரப்பிவிட்டு ஏற்றுங்கள். ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 40 கேலன் என்றால் 330-க்கு மேல்.

அதே அன்பர்: மூக்கு எடையைக் குறைத்துவிட்டால் என்ன? கனமான சாமானைப் பின்பக்கம் தள்ளிவிட்டால்?

செய்துவிடாதீர்கள். பின்பக்கம் கனத்தால் டிரெய்லர் நாய் வாலாட்டுவதுபோல ஆடத் தொடங்கும். பக்கத்தில் ஒரு பெரிய லாரி கடந்து போனால் போதும். ஆடும்போது வண்டியின் பிரேக்கை மிதிக்கத்தான் கால் துடிக்கும். மிதிக்கக்கூடாது, ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பவும் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, டிரெய்லர் பிரேக்கை மட்டும் இயக்கும் கைப்பிடியை மெல்ல அழுத்த வேண்டும். கிளம்புவதற்கு முன்பே அந்தக் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடித் தொடப் பழகுங்கள்.

சியாட்டிலிலிருந்து: அக்கா, டயர் வெடித்ததாக ஒரு தடவை சொன்னீர்களே?

மேற்கு டெக்சஸில், ஐ-10 நெடுஞ்சாலையில். டிரெய்லர் 2015 மாடல், பழையதாக வாங்கினோம். டயரில் பள்ளமெல்லாம் புதிதுபோல இருக்கிறதே என்று ஏமாந்தோம். டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட வயதாகிச் சாவதுதான் அதிகம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2315 என்றால் 2015-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் எதையும் யோசிக்காமல் மாற்றுங்கள். வெடித்த டயரின் கிழிசல் அடித்து அடித்து டிரெய்லரின் அடித்தகட்டையும் ஒயரையும் கிழித்துவிட்டது. அதைச் சரிசெய்ய ஒரு பட்டறையில் மூன்று வாரம் காத்திருந்தோம். டயர் காற்றழுத்தம் காட்டும் கருவியை அதற்கு அப்புறம்தான் வாங்கினோம். வேகம் 62 மைலுக்கு மேல் போவதே இல்லை. பல டிரெய்லர் டயர்களின் வரம்பே 65தான்.

சான் ஹோசேயிலிருந்து: ஆன்ட்டி, ரிவர்ஸ் எடுக்கும்போது அப்பாவும் அம்மாவும் விவாகரத்துவரை போய்விடுகிறார்கள்.

முகாமுக்கு முகாம் மாலையில் நடக்கும் இலவசக் காட்சி அது! எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள். அப்பாவிடம் சொல்லுங்கள்: கையை ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் வைத்துப் பிடிக்க வேண்டும். டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, கையை அந்தப் பக்கம் நகர்த்தினால் போதும். அம்மா கையை ஆட்டிக் கத்துவதற்குப் பதிலாகப் போனில் பேசட்டும். "இடது, வலது" வேண்டாம், யாருடைய இடது என்பதில்தான் சண்டையே. "ஓட்டுநர் பக்கம்", "பயணி பக்கம்" என்று சொல்லட்டும். பெரிய வாகன நிறுத்துமிடம் காலியாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நாங்கள் நான்கு தடவை பழகினோம். அதற்கப்புறமும் ஒரு மேப்பிள் மரத்தைத் தொட்டோம்.

நியூ ஜெர்சியிலிருந்து: கழிவறைத் தொட்டி விஷயம் எப்படி? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்பட்டால் குடித்தனம் நடக்காது. தொட்டிகள் மூன்று: நல்ல தண்ணீர், குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர் சேரும் கிரே டேங்க், கழிவறைக்குப் பிளாக் டேங்க். முகாமில் சாக்கடைக் குழாய் இணைத்ததும் இரண்டு வால்வையும் திறந்தே வைத்துவிட்டேன், வீடு மாதிரி தானாகப் போய்விடும் என்று. தண்ணீர் மட்டும் வடிந்து போய், மற்றது கோபுரமாக இறுகி நின்றது. ஓஹையோவில், எங்கள் நான்காவது நாள். அதை விவரிக்க மாட்டேன்.

பிளாக் டேங்க் வால்வு எப்போதும் மூடியே இருக்க வேண்டும். முக்கால்வாசி நிரம்பியதும் திறந்து விடுங்கள்; அது போன பிறகு கிரே டேங்கைத் திறந்தால் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். தண்ணீரைத் தாராளமாக ஊற்றுங்கள். கழுவிப் பழகிய நமக்கு இதில் ஒரு சௌகரியம், காகிதம் குறைவு.

நம் ஆட்களுக்கு உண்மையான பிரச்சினை கிரே டேங்க்தான். தாளித்த எண்ணெயும் புளித்தண்ணீரும் பருப்பும் அதில் இரண்டு நாள் கிடந்தால் வரும் நாற்றம் பிளாக் டேங்கைத் தோற்கடிக்கும். தட்டையும் வாணலியையும் காகிதத் துண்டால் வழித்து எறிந்துவிட்டு அப்புறம் கழுவுங்கள்.

சிகாகோவிலிருந்து: சமையல் எப்படிச் செய்தீர்கள் அக்கா? இட்லி?

முகாமில் 30 ஆம்ப் மின் இணைப்பு என்றால் மொத்தம் 3,600 வாட். ஏசி ஓடும்போது மிக்ஸி போடலாம். அதோடு மைக்ரோவேவும் மின்கெட்டிலும் சேர்ந்தால் டப்பென்று அணைந்துவிடும். கிரைண்டரை எடுத்துப் போகவில்லை. எடைக் கணக்கு மேலே சொன்னேனே. மிக்ஸியில்தான் மாவு. அரிசோனாவில் பொங்கி வழிந்தது, மொன்டானாவில் இரண்டு நாள் ஆகியும் அசையவில்லை. பகலில் வண்டி ஓடும்போது மாவுப் பாத்திரத்தை பிக்கப்பின் பின் சீட்டில் போர்வை சுற்றி வைத்தேன். வெயிலுக்கு நன்றாகப் புளித்தது. பாதி அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள், மலைப்பாதையில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டுமா?

குக்கர் கட்டாயம். எல்லோஸ்டோனில் நாங்கள் தங்கிய ஃபிஷிங் பிரிட்ஜ் 7,700 அடிக்கு மேல். அங்கே தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு லேசில் வேகாது. கரடி நடமாட்டம் உள்ள இடம் என்பதால் அந்த முகாமில் துணிக் கூடாரத்துக்கு அனுமதியில்லை, கெட்டிச் சுவர் வண்டிகள் மட்டும்தான். வெளியே ஒரு தட்டுகூட விட்டு வைக்கக்கூடாது. இவர் கருவாடு பொரிக்கலாமா என்று கேட்டார். நான் பதிலே சொல்லவில்லை.

அட்லாண்டாவிலிருந்து: என் கணவருக்கு இன்சுலின். 66 வயது. இப்படி மாதக்கணக்கில் போக முடியுமா?

முடியும், ஆனால் இரண்டு விஷயம். முதலில் ஃபிரிட்ஜ். பழைய டிரெய்லர்களில் இருப்பது புரொபேன் வாயுவில் ஓடும் வகை. வண்டி சமமாக நிற்காவிட்டால் சரியாகக் குளிராது. வெயிலில் உள்சூடு ஏறிவிடும், இரவில் குளிரூட்டும் தகட்டை ஒட்டி வைத்தது உறைந்தும் போகும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். உறைந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான், உருக்கிப் போடக்கூடாது. ஒரு சின்ன டிஜிட்டல் வெப்பமானியை உள்ளே வைத்து, காலையும் மாலையும் பாருங்கள். திறந்த குப்பி பெரும்பாலானவை சாதாரண வெப்பத்தில் 28 நாள் தாங்கும். பெட்டியில் போட்டிருக்கும் கணக்கைப் பாருங்கள். மருந்துச் சீட்டை நாடு முழுக்கக் கிளை உள்ள கடைக்கு மாற்றிக்கொண்டால் எந்த ஊரிலும் வாங்கலாம்.

இரண்டாவது மெடிகேர், 65 வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. அசல் மெடிகேர் என்றால், அதை ஏற்கும் எந்த மாநில மருத்துவரிடமும் போகலாம். தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜில் பல திட்டங்கள் உங்கள் ஊர் மருத்துவர்களோடு கட்டுண்டவை. வெளியூரில் அவசர சிகிச்சைக்குத்தான் உதவும். இப்போது அட்வான்டேஜிலிருந்து அசலுக்கு எளிதாக மாற்றிக்கொள்ளலாமே என்று எண்ணாதீர்கள். அசல் மெடிகேர் கொடுக்காத மீதியைக் கட்டும் மெடிகாப் துணைக் காப்பீட்டுக்கு, 65 வயதாகி பார்ட் பி (மெடிகேரில் மருத்துவர் செலவுக்கான பகுதி) தொடங்கிய முதல் 6 மாதம்தான் கேள்வி கேட்காமல் தரும் காலம். அது தாண்டினால் பல மாநிலங்களில் உடல்நிலையைக் காட்டி மறுக்கலாம். கிளம்புவதற்கு முன் முதலில் இதை விசாரியுங்கள். டிரெய்லரின் நிறத்தை அப்புறம் பார்க்கலாம்.

ஹூஸ்டனிலிருந்து: மாதம் எவ்வளவு ஆயிற்று?

சராசரி 3,500 டாலர், காப்பீடும் பழுதும் சேர்த்து. டிரெய்லரோடு கேலனுக்கு 10 மைல்தான் கிடைக்கும், அதனால் ஓடினால் செலவு, நின்றால் சேமிப்பு. தனியார் முகாம் இரவுக்கு 45 முதல் 70 டாலர்; அதே இடத்தை மாதக்கணக்கில் எடுத்தால் நன்றாக இறங்கும். 62 வயதான குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் தேசியப் பூங்கா மூத்தோர் பாஸ் உண்டு: வருடத்துக்கு 20, ஆயுளுக்கு 80 டாலர். நுழைவுக் கட்டணம் மிச்சமாவதோடு, கூட்டாட்சி அரசின் பல முகாம்களில் தங்கும் கட்டணமும் பாதி. கிளம்பும் முன் வாங்கியவற்றில் இதைவிட லாபமானது வேறில்லை.

குளிர்காலத்தில் அரிசோனாவின் குவார்ட்சைட் பாலைவனத்தில் தங்கினோம். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை முழுப் பருவத்துக்கும் 180 டாலர் கட்டினோம். மின் இணைப்பு கிடையாது, கூரையில் சோலார். ஆயிரக்கணக்கான வண்டிகள், எல்லாம் வெள்ளைத் தலைகள்! ஊர்க் கல்லறையில் ஒரு பிரமிடு வடிவ நினைவிடம், உச்சியில் உலோக ஒட்டகம். 1850-களில் அமெரிக்க ராணுவம் ஒட்டகங்களை இறக்கிச் சோதனை செய்தபோது கூட வந்த ஹாஜி அலி என்பவருடையது. உள்ளூர்க்காரர்கள் வாயில் "ஹை ஜாலி" ஆகிவிட்டார்.

பீனிக்ஸிலிருந்து: போன் மேப்பை நம்பலாமா?

கார் என்று நினைத்து வழி சொல்லும். கூரை ஏசியோடு எங்கள் உயரம் 11 அடி. அந்த எண்ணை ஸ்டியரிங் பக்கத்தில் எழுதி ஒட்டியிருந்தோம். நியூயார்க் பக்கம் பார்க்வே என்று பெயர் இருந்தாலே டிரெய்லரோடு நுழையாதீர்கள், பாலங்கள் தாழ்வு. கிளேசியர் பூங்காவின் கோயிங்-டு-த-சன் மலைச்சாலையில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு நடுப்பகுதியில் அனுமதியில்லை. டிரெய்லரை முகாமில் விட்டுவிட்டு, பிக்கப்பின் நீட்டுக் கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு போனோம். மற்றபடி ஒரு நாளைக்கு 200 மைல், மாலை 3 மணிக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். இருட்டில் ரிவர்ஸ் எடுத்தால் என்ன ஆகும் என்று மேப்பிள் மரத்தைக் கேளுங்கள்.

ஆஸ்டினிலிருந்து: வீட்டை விற்றுவிட்டே கிளம்பலாம் என்று இருக்கிறோம்.

வேண்டாம் என்பேன். முதலில் வாடகை டிரெய்லரில் மூன்று வாரம், அதுவும் மழைக்காலத்தில். விற்றே தீருவதென்றால் முகவரி வேண்டும். தெற்கு டகோட்டாவில் ஒரு இரவு தங்கிய ரசீதும் தபால் வாங்கி அனுப்பும் முகவரியும் காட்டி, ஊர் ஊராகப் போகிறவர்கள் ஓட்டுநர் உரிமம் எடுக்கிறார்கள். நீங்கள் டெக்சஸ்காரர்கள், அங்கேயே லிவிங்ஸ்டனில் எஸ்கேப்பீஸ் என்ற டிரெய்லர்வாசிகள் சங்கம் தபால் சேவை நடத்துகிறது; மாநில வருமான வரியும் இல்லை.

நாயைக் கூட்டிப் போகலாமா?

எங்களிடம் நாய் இல்லை. பக்கத்து வண்டிகளில் எல்லாம் இருந்தது.

ஷார்லட்டிலிருந்து: பழைய டிரெய்லர் பார்க்கப் போகிறோம். எதைப் பார்க்க வேண்டும் அம்மா?

தண்ணீர் கசிவு. மற்றதெல்லாம் மாற்றிவிடலாம், ஊறிப்போன மரச்சட்டத்தை மாற்ற முடியாது. மூலைகளிலும் ஜன்னலுக்கு அடியிலும் தரையைக் காலால் அழுத்துங்கள். மெத்தென்று அமுங்கினால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஏணி கேட்டு வாங்கிக் கூரையின் ஒட்டுப்பசையைப் பாருங்கள், வெடித்திருக்கக்கூடாது. அலமாரிக்குள் மூக்கை விட்டு முகருங்கள். வாசனைத் திரவம் தூக்கலாக அடித்தால் எதையோ மறைக்கிறார்கள்.

கடைசியாக, உங்கள் வீட்டுக்காரரைக் கழிவறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தச் சொல்லுங்கள். எங்களவர் ஆறடி. அதைச் சோதிக்கவில்லை. 13 மாதமும் கதவைத் திறந்து போட்டு, கால் இரண்டும் சமையலறையில்.