டர்பனில் இருக்கிறோம், முதல் பூனைக்குட்டி வரப்போகிறது. வீட்டை எப்படித் தயார் செய்வது?

கேட்டவர் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் குடியிருக்கிறார். ஏழு வயது மகள் ஒரு வருடமாகப் பூனைக்குட்டி கேட்டு அடம்பிடிக்கிறாள். மாமியார் சுத்த சைவம், சாமி கும்பிடுகிற வீட்டில் பூனை எதற்கு என்கிறார். என்னென்ன வாங்க வேண்டும், மாமியாரை எப்படிச் சமாளிப்பது, எப்போது கூட்டிவரலாம் என்று மூன்று கேள்விகள்.

நானும் டர்பன்தான், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். பொட்டு என்ற பூனையோடு வாழ்கிறேன். வாங்க வேண்டிய சாமான் ஒரு மணி நேர வேலை, சகோதரி. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஜன்னலைப் பாருங்கள்.

டிசம்பர், ஜனவரிப் புழுக்கத்தில் இங்கே யாரும் ஜன்னலைச் சாத்தி வைப்பதில்லை. பர்க்ளர் கார்ட் இருக்கிறதே, அப்புறம் என்ன என்று தோன்றும். அது மனிதனைத் தடுக்கப் போட்ட கம்பி. நமக்குக் காறை எலும்பு தோளோடு பொருந்தி நிற்கிறது. பூனைக்கு அது தசைக்குள் தனியாகக் கிடக்கும் சின்னத் துண்டுதான். அதனால் தலை நுழைந்த இடத்தில் உடம்பும் நுழைந்துவிடும். எட்டு வாரக் குட்டியின் தலை பெரிய எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும். உங்கள் கம்பி இடைவெளியில் ஒரு எலுமிச்சம்பழத்தை விட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். நைலான் கொசுவலை போதாது, நகம் பட்டதும் கிழியும். அலுமினிய வலையைச் சட்டத்தில் அடித்து மாட்டச் சொல்லுங்கள். எல்லா ஜன்னலுக்கும் ஒரே நேரத்தில் செலவு செய்ய முடியாவிட்டால், குட்டி முதலில் தங்கப்போகும் அறைக்கும் சமையலறைக்கும் போடுங்கள். மற்ற அறைக் கதவுகளைச் சாத்தி வைத்துக்கொண்டு மெதுவாகச் செய்யலாம்.

பூனையை வெளியே விடாமல் வளர்ப்பது பாவமில்லையா என்று கேட்பார்கள். எங்கள் தெரு ஆயாக்கள் எல்லோரும் கேட்டார்கள். என் பதில் ஒன்றுதான்: இந்த ஊர் குட்டிப் பூனைக்கு ஏற்ற ஊர் இல்லை. வெர்வெட் குரங்குகள் கூட்டமாக வருகின்றன. பூனையின் சாப்பாட்டுத் தட்டு வராந்தாவில் இருந்தால் அதைத் தேடியே வரும். சாட்ஸ்வொர்த், வெஸ்ட்வில் பக்கம் புதர் ஒட்டிய வீடுகளில் கருப்பு மாம்பாவே வருகிறது. பல்லி, ஓணான், பாம்பு என்று நெளிகிற எதையும் குட்டி விடாது. இன்னொன்று உண்ணி. இந்தக் கடற்கரைப் பகுதியில் பூனைகளுக்கு பிலியரி என்று ஒரு நோய் வருகிறது. பபீசியா என்ற ஒட்டுண்ணி ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். பல சமயம் காய்ச்சலே இருக்காது. சுருண்டு படுக்கும், சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போய்விடும். அப்போது உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் சரி. வெளுத்தோ மஞ்சளாகவோ இருந்தால் அன்றைக்கே வெட்டிடம் (கால்நடை மருத்துவரிடம்) போக வேண்டும். நல்லாயிருக்கும்போது ஈறு எந்த நிறம் என்று முதல் நாளே பார்த்து வைத்துக்கொண்டால் வித்தியாசம் சட்டென்று தெரியும்.

அடுத்து சாமி அலமாரி. பூனை வளர்ப்புக் குறிப்புகள் எதிலும் இதைப் பார்த்ததில்லை, ஆனால் நம் வீட்டில் ஆபத்து அதிகம் இருக்கும் இடம் அதுதான். கற்பூரம் பூனைக்கு நஞ்சு. தட்டில் திறந்து கிடக்கக் கூடாது, மூடி இறுக்கமாக உள்ள டப்பாவில் போடுங்கள். பீரோவில் போடும் அந்துருண்டையும் அப்படித்தான். குத்துவிளக்கு எரியும் நேரம் குட்டி அந்த அறையில் இருக்கவே வேண்டாம். சாம்பிராணி போடும்போது அதை வேறு அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் நூல்தான். மல்லிகைச் சரத்தில் பூ வாடி உதிர்ந்த பிறகு மிஞ்சும் நார், கையில் கட்டின காப்புக் கயிறு, மாலையில் சுற்றின ஜிகினா. பூனை நாக்கைத் தொட்டால் அரம் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். அதிலுள்ள முட்கள் எல்லாம் தொண்டையைப் பார்த்துச் சாய்ந்தவை. நூல் நுனி உள்ளே போய்விட்டால் அதற்குத் துப்பத் தெரியாது, விழுங்கிக்கொண்டே போகும். ஒரு முனை நாக்கடியில் மாட்டிக்கொள்ள, மறுமுனை குடலுக்குப் போக, குடல் சுருக்குப்பை மாதிரி நூலைச் சுற்றிச் சுருங்கும், சில இடத்தில் அறுபடும். வாயிலோ பின்புறமோ நூல் தொங்கினால் தயவுசெய்து இழுக்காதீர்கள். அப்படியே தூக்கிக்கொண்டு வெட்டிடம் ஓடுங்கள். சரத்தைச் சாமிக்குச் சாத்துங்கள், வாடியதும் உடனே மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள். இதை உங்கள் மகளுக்கு வேலையாகக் கொடுக்கலாம், பொறுப்பாகச் செய்வாள்.

பூக்களில் லில்லி வீட்டுக்குள் வரவே கூடாது. இதழ், இலை, மகரந்தம், ஜாடித் தண்ணீர், எதைத் தொட்டு நக்கினாலும் ஓரிரு நாளில் சிறுநீரகம் செயலிழக்கும். கல்யாண வீட்டுப் பூங்கொத்துகளில் பெரும்பாலும் அது இருக்கும், வாங்கி வந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். செங்காந்தளும் விஷம். தமிழ்நாட்டின் மாநில மலர், ஆனால் இந்த மண்ணுக்கும் சொந்தச் செடிதான், வேலியில் தானாக ஏறிப் பூக்கும். அரளி, முற்றத்தில் அழகுக்கு வைக்கும் சைகஸ், இரண்டும் அதே கணக்கு.

சமையலறைக்கு வந்தால், வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தத்தைக் கெடுக்கும். ஆகையால் குழம்புச் சோறு பிசைந்து வைக்கும் பழக்கம் வேண்டாம். பால் ஊற்றாதீர்கள், தாயிடம் குடித்து முடித்த குட்டிக்குப் பசும்பால் பெரும்பாலும் வயிற்றுப்போக்குதான். பனடோ என்ற பாராசிட்டமால் மாத்திரை ஒன்று போதும், பூனை செத்துவிடும். அதன் கல்லீரலுக்குப் பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் சக்தி கிடையாது. நாய்க்கென்று விற்கும் தெள்ளுப்பூச்சி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும், அதுவும் கொல்லும். வாஷிங் மெஷினைப் போடும் முன் உள்ளே கை விட்டுத் தடவிப் பாருங்கள், இளஞ்சூட்டுத் துணி குட்டிக்கு ரொம்பப் பிடிக்கும்.

இனி உங்கள் மாமியார். அவர் சொல்வதை மூடநம்பிக்கை என்று தள்ளாதீர்கள். வருடம் முழுக்க அந்த வீட்டின் விரதங்களைக் கட்டிக் காப்பாற்றுகிறவர் அவர். புரட்டாசியிலும், தைப்பூசக் காவடிக்கு முந்தின நாட்களிலும் வீட்டில் மீன் வாடை வரக் கூடாது என்பது அவருடைய நியாயம். பூனைக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அதற்குச் சைவச் சாப்பாடு ஆகாது. டாரின் என்ற சத்தை அதன் உடம்பு தேவையான அளவு தயாரிக்காது, மாமிசத்திலிருந்துதான் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் கண் பார்வை போகும், இதயத் தசை தளர்ந்துவிடும். இதயத்துக்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பை 1987-ல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட பிறகுதான் தீவன நிறுவனங்கள் கூடுதலாக டாரின் சேர்க்க ஆரம்பித்தன. தயிர்சாதத்தில் பூனை வளர்ந்தது என்று ஊர்க் கதை சொல்வார்கள். அந்தப் பூனைகள் வெளியே போய் எலி பிடித்துத் தின்றன. உங்கள் குட்டி வீட்டை விட்டு வெளியே போகப்போவதில்லை.

இரண்டு நியாயத்துக்கும் நடுவில் வழி இருக்கிறது. குட்டிகளுக்கென்று தயாரித்த உலர் தீவனம் வாங்குங்கள். சமைக்க வேண்டாம், சமையலறைக்குள்ளேயே வர வேண்டாம். துணி துவைக்கும் இடத்தில் மூடி போட்ட டப்பா, தனித் தட்டு, தனிக் கரண்டி, கழுவத் தனி ஸ்பாஞ்ச். சாமி அறைக்குப் பூனை வராது என்று வாக்குக் கொடுங்கள், கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். எனக்குத் தெரிந்த விரதக் குடும்பங்கள் இப்படித்தான் சமாளிக்கிறார்கள். இதற்கும் அவர் மனம் ஒப்பவில்லை என்றால், இப்போதைக்குக் குட்டியைக் கொண்டுவராதீர்கள் என்றே சொல்வேன். பகல் முழுக்க வீட்டில் இருக்கப்போகிறவர் அவர்தான். வேண்டாத விருந்தாளியாக ஒரு குட்டி வளர்வது அதற்கும் நல்லதில்லை, அவருக்கும் நல்லதில்லை.

எங்கே வாங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்கு நல அமைப்பில் கேளுங்கள். வீட்டைப் பார்க்க ஆள் வருவார்கள், கேள்வி கேட்பார்கள், அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், குட்டியின் நன்மைக்குத்தான். கருத்தடை, தடுப்பூசி, மைக்ரோசிப் இதில் எதெல்லாம் தத்துக் கட்டணத்தில் அடங்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாலையோரத்தில் அட்டைப்பெட்டியில் வைத்து விற்பவர்களிடம் வேண்டாம், நாலைந்து வாரக் குட்டியை எட்டு வாரம் என்பார்கள். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கவே கூடாது, பன்னிரண்டு வாரம் கூட இருந்தால் இன்னும் நல்லது. கடிப்பதில் அளவு தெரிவதும், மணல் தட்டில் மலஜலம் போகப் பழகுவதும் தாயிடமும் கூடப் பிறந்தவற்றிடமும்தான். பகலில் வீடு காலியாக இருக்கும் என்றால் ஒரே ஈற்றில் பிறந்த இரண்டாக எடுங்கள், ஒன்றுக்கொன்று துணை.

நீங்கள் இருப்பது பாடி கார்ப்பரேட் (வீட்டு உரிமையாளர்களின் கூட்டமைப்பு) உள்ள குடியிருப்பு என்றால், அறங்காவலர்களின் எழுத்துப்பூர்வ அனுமதி முதலில் கையில் இருக்க வேண்டும். 2016 முதல் நடப்பில் உள்ள விதிகளின் பொதுவான வடிவப்படி, காரணமில்லாமல் அவர்கள் அனுமதியை மறுக்கக் கூடாது. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரையும் கேளுங்கள்.

சாமான் என்றால் இவ்வளவுதான்: மேல்பக்கம் திறக்கும் உறுதியான கூடை, மணல் தட்டு, வாசனை சேர்க்காத மணல், சாப்பாட்டுக்கு அகலமான தட்டு ஒன்று, தண்ணீர்க் கிண்ணம் ஒன்று, நகம் தீட்ட ஒரு சாக்குச் சுற்றிய கட்டை. மணல் தட்டின் ஒரு பக்கமாவது தாழ்வாக இருக்கட்டும், குட்டிக் கால் ஏற வேண்டும். மணல் தட்டைச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். முதல் வாரம், ஏற்கனவே சாப்பிட்டு வந்த அதே தீவனத்தைக் கொடுத்து, பிறகு மெல்ல மெல்லக் கலந்து மாற்றுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. பொம்மைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம், உருட்டி விட்ட காகிதப் பந்து போதும்.

வந்த அன்று ஒரே ஒரு அறை. வீடு முழுக்கச் சுற்றிக்காட்டாதீர்கள், சொந்தக்காரர்களைக் கூப்பிடாதீர்கள். எங்கள் பொட்டு வந்த அன்று துணி வைக்கும் அலமாரிக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. நான் இழுக்கவில்லை. தரையில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் ஏதோ படித்துக்கொண்டிருந்தேன். இருட்டின பிறகு முதலில் மீசை தெரிந்தது, அப்புறம் ஒரு முன்னங்கால், கால் தரையில் படாமல் அந்தரத்தில் நின்றது, திரும்ப உள்ளே போனது. ரொம்ப நேரம் கழித்து வந்து என் செருப்பை முகர்ந்துவிட்டுச் சாப்பாட்டுத் தட்டுக்குப் போனது. உங்கள் மகளிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: நாம் அதனிடம் போவதில்லை, அது நம்மிடம் வரும். கண்ணுக்குள் உற்றுப் பார்க்காமல், மெல்லக் கண்ணை மூடித் திறக்கச் சொல்லிக் கொடுங்கள். ஒளிந்துகொள்வது சரி, ஒரு நாள் முழுக்க வாயில் எதுவும் வைக்காவிட்டால் சரியில்லை, வெட்டைக் கூப்பிட வேண்டும்.

ஊசி விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் ரேபிஸ் (வெறிநோய்) இன்னும் இருக்கிறது. நாய்க்கு மட்டுமில்லை, பூனைக்கும் தடுப்பூசி இங்கே சட்டப்படி கட்டாயம். மூன்று மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதத்துக்குப் பிறகு ஓராண்டுக்குள் இரண்டாவது, அதன்பின் குறைந்தது மூன்று ஆண்டுக்கு ஒரு முறை. மாகாண அரசு கால்நடைத் துறை அவ்வப்போது முகாம் வைத்து இலவசமாகவே போடுகிறது. சளி, குடல் நோய்களுக்கான கூட்டு ஊசி எட்டு வாரத்தை ஒட்டித் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை. தெரியாத பூனையோ நாயோ யாரையாவது கடித்தாலோ பிறாண்டினாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே கிளினிக் போங்கள். கருத்தடையை ஐந்து மாதத்துக்குள் முடித்துவிடுங்கள், நான்கு மாதத்திலேயே சினைப்படும் பெண் குட்டிகள் உண்டு.

எப்போது கூட்டிவரலாம்? மார்ச், ஏப்ரல் வசந்தம் என்று எழுதியிருக்கும் வடக்கு நாட்டுப் புத்தகங்களைப் பார்க்காதீர்கள். இங்கே குட்டிகள் அதிகம் கிடைப்பது செப்டம்பரிலிருந்து கோடை முடியும் வரை. அந்தக் காலத்தில்தான் தீபாவளி, நவம்பர் 5-ல் கை ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் வாணவேடிக்கை இரவு, புத்தாண்டு என்று வெடிச் சத்தம் வரிசையாக வருகிறது. புதுக் குட்டிக்கு அந்தச் சத்தத்தில் வீடு எது, வெளி எது என்றே தெரியாது. தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பே கொண்டுவந்து பழக்கிவிடுங்கள், இல்லையென்றால் நவம்பர் நடுவில் கொண்டுவாருங்கள். வெடி இரவுகளில் ஜன்னல் இல்லாத உள்ளறை, ஒளிய ஒரு அட்டைப்பெட்டி, கூட ஒரு ஆள். கிழமை கேட்டால் வெள்ளி மாலை என்பேன், சனி ஞாயிறு நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். அதற்கு முன், சனிக்கிழமை மதியத்துக்கு மேல் உங்கள் பக்கத்தில் எந்த வெட் திறந்திருக்கிறார் என்று போன் செய்து கேட்டு, எண்ணை மாமியார் போனிலும் போட்டு வையுங்கள்.